ரீசெட் பட்டனைத் தொடும் முன்...

"சிக்னல் புல்லா இருக்கு, ஆனா நெட் வரல."

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் என்னை அழைக்கும்போது பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அடுத்த வாக்கியமும் அநேகமாக ஒன்றேதான். "புது ரவுட்டர் வாங்கிடலாமா?"

அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வயர்லெஸ் இணைப்பு நின்று போனால் என்ன செய்யலாம் என்று இருபது குறிப்புகள், முப்பது குறிப்புகள் கொண்ட பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அந்தக் குறிப்புகள் பலவும் சரியானவைதான். ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது சரியான வழி அல்ல என்பது என் கருத்து. பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம், இல்லாத இடத்தில் புதிதாக ஒரு பழுதை உண்டாக்கி விடும். முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுவரை எதையும் மாற்றாதீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. சித்தப்பா வீட்டில், என் வாயால் நடந்த தவறில் தெரிந்து கொண்டேன்.

ஒரு வார்த்தையால் வந்த வினை

சித்தப்பாவுக்குத் திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தியும் மல்லியும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். 2023ல் அவர் மகள் பிளஸ் டூ முடித்தாள். அவளுக்காக ஒரு லேப்டாப் வாங்கினார். ஊரில் உள்ள கேபிள் ஆப்பரேட்டரிடம் சொல்லி பைபர் இணைப்பும் போட்டார்.

தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. அதற்கு முன் மாணவரும் பெற்றோரும் சென்னைக்குப் போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருக்க வேண்டும். இப்போது வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் வீட்டிலிருந்தே பட்டியலிட்டு "லாக்" செய்துவிடலாம். பெரிய வசதிதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களில் நெட் இல்லை என்றால் அது சினிமா பார்க்க முடியாத குறை மட்டும் அல்ல.

தங்கச்சியின் சுற்று முடிய மூன்று நாள் இருந்தது. அன்று மாலை காற்று பலமாக அடித்து கரண்ட் போனது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. லேப்டாப்பில் வை-ஃபை சிக்னல் வந்துவிட்டது. நெட் வரவில்லை. சித்தப்பா என்னை அழைத்தார். நான் சென்னையில் அலுவலகக் கூட்டம் ஒன்றில் இருந்தேன். என்ன நடந்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் மெதுவான குரலில் சொன்னேன்:

"ரவுட்டரை ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க சித்தப்பா."

நான் சொல்ல நினைத்தது வேறு. சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள் என்பதுதான் என் எண்ணம். அதற்குப் பெயர் ரீஸ்டார்ட். ஆனால் ரவுட்டரின் பின்பக்கத்தில் "ரீசெட்" என்றே எழுதிய ஒரு ஊசித்துளை இருக்கிறது. சித்தப்பா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். சித்தியிடம் ஒரு ஊக்கை வாங்கி, அந்தத் துளைக்குள் விட்டு, விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடித்திருக்கிறார்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் என்பது களைத்தவரைத் தூங்க வைத்து எழுப்புவது. எழுந்தவருக்கு எல்லாம் நினைவில் இருக்கும். ரீசெட் என்பது நினைவையே அழிப்பது. ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் நாள் நிலைக்குப் போய்விடும். நீங்கள் வைத்த வை-ஃபை பெயர், பாஸ்வேர்ட் போய்விடும். அதைவிட முக்கியமாக, இணைப்புக் கொடுத்தவர் உள்ளே பதிந்து வைத்த யூசர்நேம், பாஸ்வேர்ட் போன்ற விவரங்களும் பல ரவுட்டர்களில் அழிந்து விடும். அவை இல்லாமல் இணைப்பு கிடைக்காது.

மறுநாள் காலையில் தெருவில் எல்லா வீட்டுக்கும் நெட் வந்துவிட்டது. சித்தப்பா வீட்டுக்கு மட்டும் வரவில்லை. விவரங்களைப் பதிந்து தர வேண்டிய டெக்னீஷியன் வெளியூர் போயிருந்தார். இரண்டு நாள் கழித்து வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு கரண்ட் போனதுல ஆபீஸ் ரூம்ல பேட்டரி இறங்கிருச்சுங்க. மறுநாள் காலையிலயே லைன் வந்திருச்சு. சும்மா விட்டிருந்தா உங்களுக்கும் வந்திருக்கும்."

அவர் வருவதற்குள் கடைசி நாள் மாலை ஆகிவிட்டது. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர் அது. தங்கச்சி மொட்டை மாடியில், லேப்டாப்பைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து, சித்தப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஏற்கெனவே பட்டியலை லாக் செய்திருந்தாள். நோட்டில் நாற்பது கல்லூரிகள் எழுதி வைத்திருந்தவள் பதினெட்டைத்தான் ஏற்ற முடிந்தது. அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

கண்மாய், மடை, வாய்க்கால்

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நான்கே நான்கு. அவற்றைப் பார்க்கும் முன், "சிக்னல் புல்லாக இருக்கிறது" என்பதற்கு என்ன பொருள் என்று புரிந்து கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இதை நான் இப்படித்தான் சொல்கிறேன்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக் கொள்வோம். காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். கண்மாயில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் இருந்தும் மடை அடைத்திருக்கலாம். மடை திறந்தும் வாய்க்கால் உடைந்திருக்கலாம். வீட்டு இன்டர்நெட்டும் அப்படித்தான். ஆப்பரேட்டரிடமிருந்து வரும் லைன்தான் கண்மாய். வீட்டில் உள்ள ரவுட்டர் மடை. ரவுட்டரிலிருந்து உங்கள் லேப்டாப் வரை காற்றில் வரும் வை-ஃபை வாய்க்கால்.

திரையின் ஓரத்தில் விசிறி போல் தெரியும் சிக்னல் சின்னம் வாய்க்காலின் நிலையை மட்டுமே காட்டுகிறது. உங்கள் லேப்டாப்புக்கு உங்கள் ரவுட்டரின் குரல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. வாய்க்கால் சுத்தமாக இருப்பதால் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்று ஆகாது. எனவே சிக்னல் முழுதாக இருந்து நெட் வரவில்லை என்றால் பெரும்பாலும் பழுது வை-ஃபையில் இல்லை. அதற்கு அப்பால் இருக்கிறது. அப்போது சிக்னலைப் பெருக்கும் கருவி வாங்குவது, வற்றிய கண்மாய்க்கு வாய்க்கால் வெட்டுவது போன்றது.

பத்து நிமிடம், நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: தெருவில் மற்றவர்களுக்கு வருகிறதா? அதே ஆப்பரேட்டரிடம் இணைப்பு எடுத்த பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கும் வரவில்லை என்றால் பழுது உங்களுடையது அல்ல. ஆப்பரேட்டருக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ரவுட்டரைத் தொட வேண்டாம். அன்று நான் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மற்ற மூன்றுக்கும் வேலையே இருந்திருக்காது.

இரண்டாவது கேள்வி: ரவுட்டரில் எந்தெந்த விளக்குகள் எரிகின்றன? எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அந்த விளக்குகளை உங்கள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பழுதான நாளில் படத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பைபர் இணைப்புப் பெட்டிகளில் "எல்.ஓ.எஸ்." என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ பைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஒன்று ஆப்பரேட்டர் பக்கம் பழுது, அல்லது வழியில் பைபர் அறுந்திருக்கிறது அல்லது ஒடிந்திருக்கிறது. பீரோவை நகர்த்தும்போது பின்னால் போகும் அந்த மெல்லிய வயர் மடங்கி நசுங்குவது அடிக்கடி நடக்கிறது. பைபர் என்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடித்தால் ஒளி அதைக் கடந்து போகாது. பைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

மூன்றாவது கேள்வி: வேறு ஒரு கருவியில் வருகிறதா? அதே வை-ஃபையில் ஒரு செல்போனை இணைத்துப் பாருங்கள். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வை-ஃபை வேலை செய்யாதபோதும் டேட்டாவில் பக்கம் திறந்து உங்களை ஏமாற்றும். போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் கண்மாயும் மடையும் நலம். பழுது லேப்டாப்பில்.

நான்காவது கேள்வியை லேப்டாப்பிடமே கேட்கலாம். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு கறுப்பு விண்டோ திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் வரிகளில் "டீபால்ட் கேட்வே" என்பதற்கு எதிரே 192.168.1.1 போல ஒரு எண் இருக்கும். அது உங்கள் ரவுட்டரின் முகவரி. "ஐபிவி4 அட்ரஸ்" என்ற வரியில் உள்ளது உங்கள் லேப்டாப்பின் முகவரி. அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்கள் லேப்டாப்புக்கு முகவரியே தரவில்லை. லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக் கொண்டிருக்கிறது. இந்த நிலையில் லேப்டாப்பையும் ரவுட்டரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முகவரி சரியாக இருந்தால் பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் எண்ணைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். "பிங்" என்னும் இந்தக் கட்டளை, "இருக்கிறாயா?" என்று குரல் கொடுப்பது போன்றது. பதில் வந்தால் வாய்க்கால் நன்றாக இருக்கிறது. அடுத்து அதே போல 8.8.8.8 என்ற எண்ணுக்குக் குரல் கொடுங்கள். இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுமக்களுக்காக நடத்தும் ஒரு சர்வர். ரவுட்டர் பதில் சொல்லி இது பதில் சொல்லவில்லை என்றால் பழுது ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. இரண்டும் பதில் சொல்லியும் வெப்சைட்டுகள் திறக்கவில்லை என்றால் பெயரைப் பார்த்து எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்ற பகுதியில் கோளாறு இருக்கலாம். டெலிபோன் வேலை செய்கிறது, டைரக்டரிதான் தொலைந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் லேப்டாப்பின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். பேட்டரி வலுவிழந்த பழைய கம்ப்யூட்டர்களில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது வங்கி, அரசு வெப்சைட்டுகள் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கும். நெட் பழுது என்று நாம் நினைத்துக் கொண்டிருப்போம்.

வாய்க்கால்தான் பழுது என்றால்...

நான்கு கேள்விகளும் வை-ஃபையைத்தான் காட்டுகின்றன என்றால் அப்போது வை-ஃபை வைத்தியத்தைத் தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததை ஒரு தாளில் எழுதுங்கள். பயன் இல்லை என்றால் பழைய நிலைக்குக் கொண்டு போய்விட்டு அடுத்ததைச் செய்யுங்கள். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது நோயைத் தீர்த்தது, எது புது நோயைத் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் லேப்டாப்பில் ஏரோபிளேன் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த வை-ஃபையின் பெயரை "பர்கெட்" செய்துவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்து இணையுங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு பழையதையே லேப்டாப் நினைவில் வைத்துக் கொண்டிருப்பது மிகச் சாதாரணமான காரணம்.

அடுத்தது இடம். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் உள்ள பழைய வீடுகள் பல நீளமானவை. தெருவாசலில் ரவுட்டரை வைத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தால் நடுவில் மூன்று நான்கு கனத்த சுவர்கள். இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. இரண்டாவது வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. முதலாவது வேகம் குறைவு, ஆனால் பின்கட்டு வரை போகும். ரவுட்டர் உள்ள அறையில் 5ஐயும், தூரத்து அறையில் 2.4ஐயும் பயன்படுத்திப் பாருங்கள். 2.4ல் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். ஒன்றுடன் ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அக்கம்பக்கத்தில் நெரிசல் என்றால் இவற்றில் ஒன்றுக்கு மாற்றலாம்.

இரும்பு பீரோவின் மேலும், பீரோவுக்குள்ளும், டிவிக்குப் பின்னாலும் ரவுட்டரை ஒளித்து வைக்காதீர்கள். இரும்பு வை-ஃபையைத் தடுக்கும். வெயிலையும் மறக்க வேண்டாம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை 40 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கு ஏற்பத்தான் தயாரிக்கப்படுகின்றன. எங்கள் ஊர்ச் சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்கு அடியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்த ரவுட்டர் மத்தியானம் மட்டும் மக்கர் செய்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

தூரத்தைப் பற்றி ஒரு சுவையான தகவல். 2007ல் வெனிசுலா நாட்டில் எர்மன்னோ பியத்ரோசெமோலி என்பவரின் குழு, இரண்டு மலை உச்சிகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வை-ஃபை இணைப்பைக் கொண்டு போனது. ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்கள், நடுவில் மறைப்பே இல்லாத பார்வை, இவைதான் அதன் ரகசியம். 382 கிலோமீட்டர் போகிற வை-ஃபை நம் வீட்டில் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் ரவுட்டரின் விலையில் இல்லை. நாம் அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

தேனி சொன்ன பாடம்

பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1976ல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு மருத்துவமனை இருக்கிறது. 2000களின் நடுவில், அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவினர், தேனி மருத்துவமனையையும் சுற்றுப்புற ஊர்களில் இருந்த பார்வை மையங்களையும் பல கிலோமீட்டர் தூர வை-ஃபையால் இணைத்தனர். ஊரில் உள்ள மையத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியுடன் பேசுவார். கண் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏற வேண்டிய தேவை பலருக்கு இல்லாமல் போனது.

இந்த அனுபவத்தைப் பற்றி அந்தக் குழுவினர் 2008ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வை-ஃபையைத் தூரமாகவும் வேகமாகவும் கொண்டு போவதைவிட, போட்ட இணைப்பை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம் என்பது அதன் சாரம். அவர்கள் கண்ட பழுதுகளுக்குப் பெரிய காரணம் மின்சாரத்தின் தரம். வோல்டேஜ் திடீரென ஏறி அடாப்டர்களும் ரவுட்டர்களும் எரிந்தன. கரண்ட் தாறுமாறாகப் போய் வந்ததில் ரவுட்டரின் மெமரி கார்டுகள் கெட்டுப் போயின. இன்னொரு காரணம், பழுது எங்கே என்று அங்கேயே இருப்பவரால் சொல்ல முடியாதது. நிபுணர் உலகத்தின் மறுமுனையில் இருந்தார். அதனால் உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எளிய சோதனைக் கருவிகளையும் தந்து, பராமரிப்பை அவர்களிடமே கொண்டு சேர்ப்பதில் அந்தக் குழுவினர் கவனம் செலுத்தினார்கள்.

வீட்டுக்கும் அதே பாடம்தான். கரண்ட் போய் வந்த பிறகு நெட் கெட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. வலுவிழந்த அடாப்டரில் விளக்கு எரியும், ஆனால் நாலு பேர் பயன்படுத்தும்போது ரவுட்டர் தானாக அணைந்து எழும். புது அடாப்டர் வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள வோல்ட் எண் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். குறையக் கூடாது. அடிக்கடி கரண்ட் போகும் ஊராக இருந்தால் ரவுட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய யு.பி.எஸ். நல்ல முதலீடு.

எனக்கு எதற்கு இதெல்லாம்?

"மாதாமாதம் பணம் கட்டுகிறேன். பழுது பார்ப்பது அவர்கள் வேலை. நான் ஏன் இதைக் கற்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழுது பார்ப்பது அவர்கள் வேலைதான். நான் உங்களைப் பழுது பார்க்கச் சொல்லவில்லை. பழுது எங்கே என்று சொல்லத் தெரிந்து கொள்ளுங்கள் என்கிறேன். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? "நெட் வரல" என்று சொன்னால் உங்கள் புகார் நூற்றில் ஒன்று. "எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகிறது, பக்கத்து வீட்டில் வருகிறது" என்று சொன்னால் டெக்னீஷியன் சரியான கருவியோடு நேராக வருவார். தேவையில்லாத ரவுட்டரை யாரும் உங்கள் தலையில் கட்டவும் முடியாது.

பொறுப்பு உங்களுக்கு மட்டும் என்றும் நான் சொல்லவில்லை. இணைப்புக் கொடுப்பவர்கள் போடும் அன்றே யூசர்நேம், பாஸ்வேர்ட், புகார் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். ரீசெட் துளைக்குப் பக்கத்தில் "எங்களைக் கேட்காமல் அழுத்தாதீர்கள்" என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட என்ன செலவாகிவிடும்? என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் இருப்பவர்கள் நம் சொல்லை அப்படியே நம்புகிறார்கள். ரீஸ்டார்ட், ரீசெட், ரீபூட் என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்லும் வார்த்தைகள் அவர்கள் வீட்டில் பட்டன்களாக இருக்கின்றன. "சுவிட்சை அணைத்துப் போடுங்கள்" என்று தமிழில் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது சித்தப்பா வீட்டில் ரவுட்டருக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் நான்கு கேள்விகளும், ஆப்பரேட்டரின் எண்ணும், இணைப்பு விவரங்களும் தங்கச்சியின் கையெழுத்தில் இருக்கின்றன. ரீசெட் துளையின் மேல் ஒரு துண்டு டேப். போன ஆடிக் காற்றில் கரண்ட் போய் நெட் நின்றபோது சித்தப்பா என்னை அழைத்தார். "தம்பி, சிவப்பு லைட் எரியுது. பக்கத்து வீட்லயும் இல்ல. ஆப்பரேட்டருக்குச் சொல்லிட்டேன். உனக்கு ஒரு தகவலுக்காகச் சொன்னேன்." அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது.

தங்கச்சிக்கு அந்தச் சுற்றிலேயே இடம் கிடைத்தது. நன்றாகப் படிக்கிறாள். ஆனால் அந்த நோட்டில் ஏற்றாமல் விட்ட இருபத்திரண்டு கல்லூரிகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் அதைவிட நல்ல இடம் ஏதாவது கிடைத்திருக்குமா என்று அவள் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. நான்தான் அவ்வப்போது கேட்டுக் கொள்கிறேன்.

உங்கள் ரவுட்டருக்கு மேலும் ஓர் அட்டையை இன்றே தொங்கவிடுங்கள். நெட் நன்றாக வந்து கொண்டிருக்கும் இன்றைக்கே.